ஒரு டாலருக்குக் கைமாறிய மருந்து: டாக்டர் பாண்டிங்கின் வாழ்க்கை

1922-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி. கனடா நாட்டின் டொரான்டோ நகரப் பொது ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் லியனார்டு தாம்சன் என்ற சிறுவன் படுத்திருந்தான். வயது 14. எடை 65 பவுண்டு; அதாவது 29 கிலோதான். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அவனுக்குச் சர்க்கரை வியாதி.

அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு இந்த வியாதி வந்தால் அது மரண தண்டனை. மருந்து கிடையாது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, பட்டினி போட்டு, சாவைச் சில மாதம் தள்ளி வைப்பார்கள். பசியால் சாவதா, வியாதியால் சாவதா என்பதுதான் அந்தக் குழந்தைகளுக்கு இருந்த வழி.

அன்று லியனார்டுக்கு ஓர் ஊசி போடப்பட்டது. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த பழுப்பு நிறச் சாறு அது. டொரான்டோவில் தயாரான அந்தச் சாறு, முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போடப்பட்டது அன்றுதான்.

ஊசி பலிக்கவில்லை. இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. டாக்டர்கள் மருந்தை நிறுத்தி விட்டார்கள்.

அந்தச் சாறு ஏன் அன்று தோற்றது, பன்னிரண்டே நாளில் எப்படி வென்றது என்பதில்தான் டாக்டர் பிரெடரிக் பாண்டிங்கின் வாழ்க்கைக் கதை அடங்கியிருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் பிறக்கும் ஒரு பொருள் எப்போது மருந்தாகிறது என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

விவசாயி மகன்

பாண்டிங் 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி பிறந்தார். நேருஜி பிறந்ததும் ஒரு நவம்பர் 14-தான். நமது நாட்டில் குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்படும் அந்த நாள், பாண்டிங் பிறந்த நாள் என்பதால் உலக நீரிழிவு தினமாகவும் அனுசரிக்கப்படுகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற சிற்றூருக்கு அருகே அவர் தந்தைக்குச் சொந்தப் பண்ணை இருந்தது. ஐந்து குழந்தைகளில் பாண்டிங் கடைக்குட்டி. படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்ல. எழுத்துப் பிழை அவருக்கு ஆயுள் முழுவதும் தீரவில்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பாடம் எடுத்து முதல் ஆண்டிலேயே தோற்றார். பிறகு 1912-ல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

படித்துக் கொண்டிருக்கும்போதே முதல் உலகப் போர் வந்தது. படிப்பைச் சுருக்கமாக முடித்து 1916 இறுதியில் டாக்டராகி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1918 செப்டம்பரில் பிரான்சில் காம்ப்ரே போர்முனையில் குண்டுச் சிதறல் அவருடைய வலது கையைத் துளைத்தது. அந்த வீரத்துக்காக ராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் அறுவைச் சிகிச்சையில் மேற்பயிற்சி பெற்றார். 1920 ஜூலையில் அதே மாகாணத்தில் உள்ள லண்டன் என்ற நகரில் ஒரு வீட்டை வாங்கி வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் நான்கே டாலர்! செலவைச் சரிக்கட்டப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கும் பகுதி நேர வேலையை ஏற்றார்.

இரவு இரண்டு மணி

1920 அக்டோபர் 30. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகக் கணையத்தைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை படித்தார். படுத்தும் தூக்கம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நோட்டுப் புத்தகத்தில் சில வரிகள் குறித்துக் கொண்டார். அதில் நீரிழிவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக்கூடப் பிழையாகவே எழுதினார்.

விஷயம் இதுதான். இரைப்பைக்குக் கீழே இருக்கும் கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. மற்றொன்று, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக் கொள்ள உதவும் ஒரு பொருளைச் சுரப்பது. நாயின் கணையத்தை எடுத்து விட்டால் அதற்குச் சர்க்கரை வியாதி வருகிறது என்பதை 1889-லேயே ஜெர்மனியில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுக்கத்தான் எவராலும் முடியவில்லை. கணையத்தை அரைத்தால், செரிமான நீர் அந்தப் பொருளையும் சேர்த்து அழித்து விடும் என்று பாண்டிங் நினைத்தார். கணையத்தின் குழாயைக் கட்டி விட்டால் செரிமானப் பகுதி சுருங்கிப் போகும். மிச்சமிருக்கும் பகுதியிலிருந்து அந்தப் பொருளை எடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றிய யோசனை.

அவருக்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. பெர்லினில் சூல்சர் என்ற டாக்டர் கணையச் சாற்றை நோயாளிகளுக்கே போட்டுப் பார்த்தார். சர்க்கரை குறைந்தது. ஆனால் சாற்றில் இருந்த கசடு நோயாளிகளுக்குக் கடுமையான கெடுதல் செய்ததால் சிகிச்சை நின்றது. பொருள் சரியாக இருந்தும் சுத்தம் இல்லாததால் மருந்து ஆகவில்லை. பின்னால் டொரான்டோவில் நடக்க இருந்ததற்கு அது ஒரு முன்னெச்சரிக்கை.

பாண்டிங் டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாடிடம் சென்றார். ஆராய்ச்சி அனுபவம் இல்லாத ஒரு டாக்டர் வந்து நிற்பதைப் பார்த்துப் பேராசிரியர் தயங்கினார். கடைசியில் ஓர் அறையும், பத்து நாய்களும், ஒரு மாணவ உதவியாளரும் கொடுக்க இசைந்தார். அந்த மாணவர்தான் சார்லஸ் பெஸ்ட்.

நாய்களின் உயிர்

1921 மே 17-ந் தேதி வேலை தொடங்கியது. கோடை வெயில். மேல்மாடி அறையில் புழுக்கம். பாண்டிங்குக்குச் சம்பளம் கிடையாது. அறுவைச் சிகிச்சையில் நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கொடுத்த நாய்கள் தீர்ந்ததும் தெருவில் காசு கொடுத்து நாய் வாங்கினார்கள். எங்கிருந்து வந்த நாய் என்று கேட்கவில்லை. இன்று எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் இப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது. விலங்குகளை எங்கிருந்து வாங்குவது, எத்தனை வாங்குவது, வலி தெரியாமல் எப்படி வைத்திருப்பது என்பதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன. அன்று அவை இல்லை.

ஆனால் பாண்டிங் கல் நெஞ்சர் அல்ல. 92-ம் எண் கொண்ட மஞ்சள் நிற நாய் ஒன்று கணையம் இல்லாமலே, சாற்றின் பலத்தில் பல நாள் உயிரோடு இருந்தது. அது இறந்தபோது பிறர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக் கொண்டு கண்ணீர் விட்டார்.

ஜூலை 30-ந் தேதி முதல் வெற்றி கிட்டியது. சாறு போடப்பட்ட நாயின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. இலையுதிர் காலத்துக்குள் நாயின் கணையக் குழாயைக் கட்டிப் பல வாரம் காத்திருக்கும் முறையைக் கைவிட்டார்கள். கசாப்புக் கூடத்திலிருந்து கொண்டு வந்த மாட்டுக் கணையத்தைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள். இரவு இரண்டு மணிக்குத் தோன்றிய அந்த யோசனை உண்மையில் தேவைப்படவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. பிழையான யோசனைதான் சரியான இடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

அவசரம் செய்த பிழை

1921 டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற ரசாயன நிபுணர் குழுவில் சேர்ந்தார். சாற்றைச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. இங்கேதான் பாண்டிங்கின் மனத்தில் போட்டி புகுந்தது. தன் கண்டுபிடிப்பு தன் கையை விட்டுப் போகிறதோ என்று அஞ்சினார். பேராசிரியர் மெக்லியாட் பெயரைத் தட்டிக் கொண்டு போய் விடுவாரோ என்ற சந்தேகமும் சேர்ந்து கொண்டது.

எனவே காலிப்பின் சுத்திகரிப்பு முடிவதற்கு முன்பே, தானும் பெஸ்டும் தயாரித்த சாற்றை ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜனவரி 11-ந் தேதி லியனார்டுக்குப் போடப்பட்டது அந்தச் சாறுதான். 15 மில்லி லிட்டர். கசடு நிறைந்தது. விளைவு, கட்டி கிளம்பியதுதான்.

அந்தச் சிறுவன் சாகும் நிலையில் இருந்தான். வேறு வழியில்லை என்று வாதாடலாம். தந்தையின் சம்மதமும் இருந்தது. ஆனால் அன்று ஊசி போடப்பட்டதற்குச் சிறுவனின் நிலை மட்டும் காரணம் அல்ல. யார் முந்துவது என்ற போட்டியும் காரணம். நோயாளியின் உடம்பில் ஆராய்ச்சியாளரின் அவசரம் ஏறியது. பாண்டிங்கின் வாழ்க்கையில் பாராட்ட முடியாத நாள் அது.

காலிப் இரவு பகலாக உழைத்தார். சாராயத்தின் வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ஒரு கட்டத்தில் கசடுகள் படிந்து விடுகின்றன. மருந்துப் பொருள் கரைந்தே இருக்கிறது. கசடை வடிகட்டிய பிறகு வீரியத்தை இன்னும் கூட்டினால் மருந்துப் பொருளே தனியாகப் படிகிறது. இந்த வித்தையை அவர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தயாரிப்பையும் முதலில் முயலுக்குப் போட்டு வீரியத்தைச் சோதித்தார். அளவு மிஞ்சினால் முயலுக்கு வலிப்பு வருகிறது. உடனே சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் எழுந்து விடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. காப்பாற்றும் மருந்தே அளவு தப்பினால் கொல்லும் என்பதை மனிதனுக்கு முன்னால் முயல் சொல்லி விட்டது. இன்சுலின் போடுகிறவர்கள் இன்றும் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருப்பது இந்தப் பாடத்தால்தான்.

ஜனவரி 23-ந் தேதி காலிப் சுத்தம் செய்த மருந்து லியனார்டுக்குப் போடப்பட்டது. இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கியது. சிறுநீரில் சர்க்கரை ஏறக்குறைய மறைந்தது. சிறுவன் எழுந்து உட்கார்ந்தான், முகம் தெளிந்தது. அதே சிறுவன், அதே ஆஸ்பத்திரி, அதே மாட்டுக் கணையம். நடுவில் இருந்தது பன்னிரண்டு நாள் சுத்திகரிப்பும் சோதனையும்தான்.

கைகலப்பும் ஒப்பந்தமும்

வெற்றி வந்ததும் சண்டை வந்தது. சுத்தம் செய்யும் முறையைக் காலிப் மற்றவர்களிடம் சொல்ல மறுத்தார். தனியே காப்புரிமை வாங்கி விடப் போவதாகவும் பேச்சு அடிபட்டது. ஆத்திரம் கொண்ட பாண்டிங் அவரைப் பிடித்து உலுக்கினார். பெஸ்ட் குறுக்கே விழுந்து தடுத்தார் என்கிறார்கள்.

விவகாரம் முற்றுவதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜனவரி 25-ந் தேதி பாண்டிங், பெஸ்ட், காலிப், மெக்லியாட் ஆகிய நால்வரும், மருந்து தயாரிக்கும் கனாட் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். எவரும் தனியாகக் காப்புரிமை கேட்கக் கூடாது; எவரும் தனியாக எந்தக் கம்பெனியோடும் பேரம் பேசக் கூடாது. எதுவானாலும் எல்லோரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாத மனிதர்களைக் காகிதத்தில் எழுதிய விதி கட்டி வைத்தது. விதி நல்லவர்களுக்குத் தேவையில்லை என்பார்கள். அந்த நால்வரும் நல்லவர்கள்தான், ஆனாலும் தேவைப்பட்டது.

அடுத்த சோதனை விரைவில் வந்தது. மருந்தைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியதும் வீரியம் காணாமல் போயிற்று. காலிப்புக்கே தன் முறை கைகூடவில்லை. வசந்த காலத்தில் பல வாரம் மருந்துப் பஞ்சம். நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். சிறிய குடுவையில் வரும் பொருள் பெரிய தொட்டியில் அப்படியே வந்து விடாது என்று எல்லோரும் தெரிந்து கொண்டார்கள்.

காப்புரிமை எதற்கு?

அந்த நிலையில் ஒரு கேள்வி எழுந்தது. காப்புரிமை வாங்குவதா, வேண்டாமா? டாக்டர் ஒருவர் உயிர் காக்கும் மருந்துக்கு உரிமை கொண்டாடிக் காசு பண்ணுவது மருத்துவ தர்மத்துக்கு விரோதம் என்று பாண்டிங் கருதினார். டாக்டராகும்போது எடுத்த உறுதிமொழி அவருக்குப் பெரிது. எனவே விண்ணப்பத்தில் தன் பெயர் வேண்டாம் என்றார். பெஸ்ட், காலிப் இருவர் பெயரில் விண்ணப்பம் போயிற்று. கண்டுபிடித்தவர்கள் எல்லோர் பெயரும் இல்லாவிட்டால் காப்புரிமை சட்டப்படி செல்லாது என்று வக்கீல்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் பாண்டிங் தன் பெயரைச் சேர்க்க ஒப்புக் கொண்டார்.

1923-ல் மூவரும் தங்கள் உரிமையை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். விலை என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு டாலர்.

இந்த ஒரு டாலர் கதையை உலகம் இன்றும் புகழ்கிறது. தியாகம் என்கிறது. தியாகம்தான். ஆனால் அது பாதிக் கதை. காப்புரிமையே வாங்காமல் உலகத்துக்கு இலவசமாக விட்டிருக்கலாமே? ஏன் விடவில்லை?

காரணம் இதுதான். பூட்டில்லாமல் விட்டால் வேறொருவர் அதே முறைக்குக் காப்புரிமை வாங்கி எல்லோரையும் தடுத்து விடலாம். அதைவிட ஆபத்தானது இன்னொன்று: மாட்டுக் கணையமும் சாராயமும் வைத்திருக்கும் எவரும் அரைகுறைச் சாற்றைப் புட்டியில் அடைத்து இன்சுலின் என்று விற்கலாம். ஜனவரி 11-ந் தேதி லியனார்டுக்கு நேர்ந்தது ஆயிரம் பேருக்கு நேரலாம். அளவு தெரியாத வீரியமுள்ள மருந்தால் உயிரே போகலாம்.

எனவே பல்கலைக்கழகம் இன்சுலின் கமிட்டி ஒன்றை அமைத்தது. லைசென்ஸ் கேட்ட கம்பெனிகள் நிபந்தனைகளுக்கு உட்பட்டன. தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியையும் டொரான்டோவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே சோதித்து, வீரியம் சரி என்று சொன்ன பிறகே விற்கலாம். அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனி 1922-லேயே ஒப்பந்தம் செய்து பெரிய அளவில் தயாரித்தது. பிரிட்டனில் உரிமை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தரப்பட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த விஞ்ஞானி ஆகஸ்ட் குரோக் அனுமதி பெற்றுத் தன் நாட்டில் தயாரிப்பைத் தொடங்கினார். அவருடைய மனைவிக்கே சர்க்கரை வியாதி இருந்தது.

அளவுக்கு ஒரு கோலும் தேவைப்பட்டது. பட்டினி போட்ட, சுமார் 2 கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் மட்டத்துக்கு இறக்கத் தேவையான மருந்தை ஒரு யூனிட் என்று முதலில் வைத்தார்கள். பிறகு சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்பு இதைக் கையிலெடுத்தது. 1925-ல் உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் வந்தது. பம்பாயில் வாங்கினாலும் பாரிசில் வாங்கினாலும் ஒரு யூனிட் ஒரே யூனிட்டாக இருப்பதற்கு அன்று போட்ட அஸ்திவாரம் அது.

யாருக்கு முதலில்?

1922-ல் மருந்து கொஞ்சம், கேட்டவர்களோ ஏராளம். யாருக்குக் கொடுப்பது? பாண்டிங்குக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. தாய்மார்கள் கெஞ்சினார்கள். அமெரிக்க வெளியுறவு மந்திரி சார்லஸ் ஹியூசின் மகள் எலிசபெத்துக்கும் இந்த வியாதி. மருந்து இல்லை என்று பாண்டிங் முதலில் மறுத்தார். தயாரிப்பு ஓரளவு சீரானதும் 1922 ஆகஸ்டில் அவளை ஏற்றுக் கொண்டார். 15 வயதாகப் போகும் அந்தப் பெண்ணின் எடை 45 பவுண்டு, 20 கிலோ. பிழைத்து எழுந்த அவர் திருமணமாகிக் குழந்தைகள் பெற்று 1981 வரை வாழ்ந்தார்.

மந்திரி மகள் என்பதால் கிடைத்ததா? மறுக்க முடியாத கேள்விதான். பெரிய இடத்துப் பிள்ளைகளோடு, ஏழைத் தொழிலாளியின் மகனான லியனார்டும் பிழைத்தான் என்பது மட்டும் ஆறுதல். அவன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்து 1935-ல் நிமோனியாவால் இறந்தான்.

பரிசும் பங்கும்

1923 அக்டோபரில் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்டின் பெயர் இல்லை என்றதும் பாண்டிங் கொதித்தார். பரிசே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். நண்பர்கள் தேற்றினார்கள். பிறகு தன் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியாடும் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார்.

ஆனால் இன்னொருவருக்குப் பங்கு கிடைக்கவே இல்லை. ருமேனியா நாட்டுப் பேராசிரியர் பாலெஸ்கு, டொரான்டோவினருக்கு முன்பே, 1921-ல், கணையச் சாறு நாயின் சர்க்கரையை இறக்குவதைப் பிரசுரித்து விட்டார். பாண்டிங்கும் பெஸ்டும் தங்கள் முதல் கட்டுரையில் அவருடைய முடிவைத் தவறாகப் படித்து, பலன் இல்லை என்பதுபோல எழுதி விட்டார்கள். பிறர் உழைப்பைச் சரியாகக் குறிப்பிடுவதும் ஆராய்ச்சி தர்மத்தில் சேர்ந்ததுதான். அந்தக் கணக்கில் டொரான்டோவுக்குக் கடன் மிச்சம் இருக்கிறது.

கனடா அரசு பாண்டிங்குக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 7,500 டாலர் வழங்கியது. 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. அவருக்குப் பிடித்ததோ ஓவியம் தீட்டுவது. பிரபல ஓவியர் ஏ.ஒய்.ஜாக்சனோடு பனிப் பிரதேசங்களுக்குப் போய்ப் படம் வரைந்தார். கண்டுபிடிப்பைப் போல இன்னொன்று செய்ய வேண்டும் என்று புற்றுநோயிலும் வேறு துறைகளிலும் முயன்றார். கைகூடவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மீண்டும் ராணுவ ஆராய்ச்சிக்குப் போனார். விமானிகளின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சிக்கு ஊக்கம் தந்தார். விஷ வாயுவின் கொடுமையை அறியத் தன் காலிலேயே அதைப் பூசிப் புண்ணாக்கிக் கொண்டார். பிறர் உடம்பில் செய்யத் தயங்கியதைத் தன் உடம்பில் செய்தார். அதே மனிதர்தான் எதிரி முந்திக் கொள்வான் என்ற அச்சத்தில் கிருமிகளை ஆயுதமாக்கும் ஆராய்ச்சிக்கும் அரசைத் தூண்டினார். குழந்தைகளைக் காப்பாற்றிய கைகள் அந்தப் பக்கமும் நீண்டன என்பதை அவர் வாழ்க்கையை எழுதுவோர் மறைப்பதில்லை.

1941 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவருடைய விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. காயத்தால் 21-ந் தேதி பாண்டிங் இறந்தார். வயது 49.

பூட்டு கை மாறியது

அதே 1941-ம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் இன்சுலின் காப்புரிமை முடிவடைந்தது. அதோடு டொரான்டோ கமிட்டியின் பிடியும் அங்கே தளர்ந்தது. இனி யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். சோதிப்பது யார்? அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் கொண்டு வந்தது. ஒவ்வொரு தொகுதி இன்சுலினையும் அரசின் மருந்துத் துறை சோதித்துச் சான்று அளித்த பிறகே விற்க வேண்டும் என்றது. ஒரு டாலருக்குக் கைமாறிய காப்புரிமை பல ஆண்டு செய்த காவலை, அதன்பின் சட்டம் ஏற்றது.

இந்தியாவிலும் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் தனிக் கவனம் தேவைப்படும் மருந்துகளின் பட்டியலில் இன்சுலினும் இடம் பெற்றது. புது மருந்தை மனிதர்களிடம் சோதிப்பதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், தர்ம நியாயங்களைப் பரிசீலிக்கும் கமிட்டியின் ஒப்புதலும், நோயாளியின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

இன்சுலின் என்பது அமினோ அமிலங்கள் என்ற 51 மணிகளை இரண்டு சரமாகக் கோத்த பொருள் என்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானி சாங்கர் 1955-ல் கண்டு சொன்னார். இப்படிப்பட்ட சரங்களுக்குப் பெப்டைடு என்று பெயர். இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் விதவிதமான பெப்டைடுகளைத் தயாரிக்கிறார்கள். அவற்றில் சில சோதனைகளை எல்லாம் தாண்டி நல்ல மருந்தாகி வருகின்றன. சோதனை முடியாத சில, ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று சிறு எழுத்தில் அச்சிட்ட புட்டிகளில் இன்டர்நெட் மூலம் விலைபோகின்றன. உடம்பு முறுக்கேற வேண்டும், கொழுப்புக் கரைய வேண்டும் என்று இளைஞர்கள் அவற்றை வாங்கித் தாங்களே ஊசி போட்டுக் கொள்கிறார்கள். புட்டிக்குள் சொன்ன பொருள்தான் இருக்கிறதா, எவ்வளவு சுத்தம், எவ்வளவு வீரியம் என்பதைச் சோதித்தவர் யாரும் இல்லை.

1922 ஜனவரி 11-ந் தேதி ஊசியில் இருந்ததும் இன்சுலின்தான். 23-ந் தேதி ஊசியில் இருந்ததும் இன்சுலின்தான். முதலாவது கட்டியைக் கொடுத்தது. இரண்டாவது உயிரைக் கொடுத்தது. நடுவில் இருந்த சுத்தம், அளவு, சோதனை என்ற மூன்று வேலிகளையும் தாண்டி வரும் பொருளுக்கே மருந்து என்று பெயர். தன் அவசரத்தால் அந்த வேலியை ஒரு நாள் தாண்டிய பாண்டிங், பிறகு அதே வேலியை உலகத்துக்காக எழுப்பியவர்களில் ஒருவராக நின்றார். அதற்காக அவர் பெற்ற கூலி ஒரு டாலர்.